ஒரு தட்டு, இரண்டு தட்டு

கண்டக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் போயும் விடும். அந்தத் தைரியத்தில்தான் தெருவில் பாதிப் பேர் அவளிடம் வாயைக் கொடுத்துப் பார்ப்பார்கள். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகும் அவளுக்கு அந்தப் பெயர்தான். கட்டிய புருஷனே கடையில் நின்று "எங்க கண்டக்டரம்மா சொல்லிவிட்டாங்க" என்று சாமான் வாங்கினால், மற்றவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

விசில் ஊதுவது அவளுக்குப் பிடிக்காத காரியம். வாயிலே ஒரு குழலைச் செருகிக்கொண்டு சண்டை போட முடியாது என்பது அவள் கட்சி. ஆகவே கையில் எப்போதும் ஒரு பெரிய சாவி வைத்திருப்பாள். தலைக்கு மேல் ஓடும் கம்பியில் அதைக்கொண்டு ஒரு தட்டு தட்டினால் வண்டி நிற்க வேண்டும். இரண்டு தட்டினால் கிளம்ப வேண்டும். எத்தனையோ டிரைவர்கள் மாறினார்கள். யாருக்கும் இந்தப் பாஷை புரியாமல் போனதில்லை.

வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் வீட்டை மட்டும் விடுமா? அவள் வீட்டுக்காரர் முன்பக்கத்துக் கொட்டகையில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறவர். சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரு தட்டு விழுந்தால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட வர வேண்டும். சாப்பிட்டு முடித்து வெட்டிக் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இரண்டு தட்டு. மனுஷன் பேசாமல் எழுந்து போய்விடுவார்.

அந்த வீட்டின் பின்பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சின்னக் குளம் உண்டு. குளம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பள்ளம் தோண்டச் சொன்னால், கொத்தனார் இடம் மாற்றித் தோண்டி வைத்துவிட்டார். அவரை ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்த பிறகு, சரி, வெட்டியது வெட்டியாச்சு, மூட வேண்டாம் என்று அதற்குக் கரை கட்டவைத்தாள். கரையில் ஒரு தட்டைக் கல். அதன் பக்கத்தில் ஒரு முக்காலி. அவ்வளவுதான்.

அதில் இருந்தது பொடிக்கெண்டை. விரல் நீளம்கூட வராத வெள்ளி நிற மீன். வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு. அவள் வேலை பார்த்த பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் ஒரு வாய்க்கால் இருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போகும்போது இவள் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து டிபன் டப்பாவைக் கழுவுவாள். பருக்கை விழுந்ததுமே மின்னிக்கொண்டு கூட்டமாக வந்து மொய்க்கும். நாள் முழுக்க சில்லறைக்கும் சீட்டுக்கும் தொண்டை கிழிந்தவளுக்கு, சத்தம் போடாமல் சாப்பிட்டுவிட்டுப் போகும் அந்தக் கூட்டத்தைக் கண்டால் அப்படி ஒரு ஆறுதல்.

பிறகு ஒரு நாள் வாய்க்காலை மூடி மேலே பலகைக்கல் போடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கடைசி நடையிலும் டிபன் டப்பாவில், தண்ணீர் பாட்டிலில், யாரோ விட்டுப்போன பால் கேனில் என்று அள்ளிக்கொண்டு வந்தாள். பஸ்ஸெல்லாம் பாசி வாடை. மூக்கைப் பொத்திக்கொண்ட பயணிகளிடம், மீனும் டிக்கெட் வாங்கித்தான் வருது என்றாளாம். வாய்க்காலை மூடிய பிறகு அங்கே தண்ணீரும் இல்லை, மீனும் இல்லை. அந்த வாய்க்காலின் வம்சத்தில் மிச்சம் என்று சொல்ல அவள் தோட்டத்தில் இருந்ததுதான். இவளும் கண்ணை மூடி, குளமும் வற்றினால் அந்தக் கதை அதோடு முடிந்தது.

"ஏம்மா, கடையில கலர் கலரா கிடைக்குதே, அதை வாங்கி விடக் கூடாதா?" என்று பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு தடவை கேட்டுவிட்டுப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

வளர்ப்பு என்றால் அப்படி ஒரு வளர்ப்பு. குழாய்த் தண்ணீரை நேராக விடமாட்டாள். வாளியில் பிடித்து வெயிலில் வைத்து, மருந்து வாடை போன பிறகே ஊற்றுவாள். கொக்குக்கும் மீன்கொத்திக்கும் பயந்து மேலே நைலான் வலை. வெயில் ஏறித் தண்ணீர் கொஞ்சம் சூடான பிறகுதான் தீனி. அதுவும் ஒரு ஸ்பூன் நுனியளவு. மேலே மிதக்கும்போதே தின்று தீர்க்கிற மட்டும். தனி வாளியில் வளர்த்த கொசுப்புழுவைச் சிலநாள் வடிகட்டிப் போடுவாள். அன்று குளத்தில் விருந்துதான். மேகம் மூடிக் குளிரடிக்கிற நாளில் ஒன்றும் கிடையாது. அதுபோக வாரத்தில் ஒரு நாள் பட்டினி. வயிற்றைக் காயப்போட்டால்தான் உடம்பும் நிற்கும், தண்ணீரும் நிற்கும் என்பாள். வீட்டுக்காரருக்கு இந்தச் சட்டம் ஏறவே இல்லை. பாசம் என்றால் அள்ளிப்போடுவதுதான் என்று நினைக்கிற ஜாதி அவர். ஒரு நாள் இவள் கண்ணில் படாமல் ஒரு கைப்பிடிச் சோற்றைப் போட்டு, மறுநாள் தண்ணீர் நாறி, மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு தவித்தது. அதோடு அவர் குளத்துப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது.

தட்டும் பாஷை மீனுக்கும் பழகிப்போனது. தீனி ஸ்பூனால் கல்லில் ஒரு தட்டு. அடியில் கிடந்தவை, நீர்ச்செடிக்குள் ஒளிந்தவை எல்லாம் கல்லோரம் வந்து நிற்கும், ஸ்டாப்பிங்கில் கூட்டம் நிற்கிற மாதிரி. தின்று முடித்ததும் இரண்டு தட்டு, கலைந்துவிடும். எப்போதும் முன்னால் வருகிற ஒன்றுக்கு மேல்வால் பாதி கிடையாது. எப்போதோ பறவை கொத்தித் தப்பித்தது. அதற்கு 'டிரைவர்' என்று பெயர்.

இந்தப் பாஷை தெரிந்த இன்னொரு ஜீவன் உண்டென்றால் அது அவள் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். அம்மா போனபோது சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. அப்போதிலிருந்து அக்காதான் எல்லாம். பள்ளி விட்டதும் அக்காவின் பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்து, கடைசி நடைவரை கூடவே வந்து, வீட்டுப்பாடம் எழுதித் தூங்கிப்போய், அக்காவின் இடுப்பில் தொற்றிக்கொண்டுதான் வீடு திரும்புவாள். இன்றைக்கு வளர்ந்து, மண்டபங்களுக்கு அலங்காரம் செய்கிற தொழில் நடத்துகிறாள். இருந்தாலும் அக்கா வீட்டுக்கு வந்தால் கூப்பிடமாட்டாள். ஸ்கூட்டர் சாவியால் கேட்டில் ஒரு தட்டு. உள்ளேயிருந்து அக்கா ஓடிப் போவாள்.

ஆயுசு முழுக்க ஓடுகிற வண்டியில் நின்ற முழங்கால் ஒரு நாள் இனி முடியாது என்று கைவிரித்தது. ஆபரேஷன் என்றார்கள். கண்டக்டரம்மாவுக்குக் கத்திக்குப் பயமில்லை. குளத்தை யாரிடம் விடுவது? அந்த ஒரு கவலைதான். புருஷனை நம்பி விட்டால் சோறு போட்டே கொன்றுவிடுவார். சின்னவள்தான், "நான் தினமும் வந்து பாத்துக்கறேன்க்கா, நீ நிம்மதியா படு" என்றாள். கேட்டதும் இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முக்காலியில் உட்காரவைத்து ஸ்பூன் அளவு, வெயில், பட்டினி நாள், எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். ஸ்பூனைக் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னாள். சின்னவள் தட்டினாள். முதலில் டிரைவர் வந்தது, பின்னால் மொத்தக் கூட்டமும் வந்தது. அக்காளும் தங்கையும் குழந்தைகள் மாதிரி சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கட்டிலுக்குக்கூடப் போகவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு நேராகக் குளத்துக்கு வந்து கல்லில் ஒரு தட்டு தட்டினாள். செடிக்குள்ளிருந்து நாலைந்து எட்டிப் பார்த்தன. மறுபடி தட்டினாள். அதே நாலைந்துதான். டிரைவரைக் காணோம்.

பக்கத்தில் நின்ற சின்னவள் பொலபொலவென்று அழுதாள். கொக்கு வந்ததாம். வலை கிழிந்து கிடந்ததாம். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவளிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினாளாம். வலையில் கிழிசல் இருந்தது நிஜம். நேர்க்கோடாக, நறுக்கின மாதிரி. கொக்கு எங்கே கத்தரிக்கோல் வைத்திருக்கிறது? ஆனால் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இவள் இல்லை. தங்கையின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். "விடுடி, கொக்குக்கும் வயிறு இருக்குல்ல. நீ என்ன பண்ணுவ" என்று தேற்றினாள்.

துக்கத்தைத் தங்கையிடம் காட்டவில்லையே தவிர, அதை எங்காவது இறக்கியாக வேண்டுமே? புருஷன் தலையில் இறக்கினாள். வாசலில் உட்கார்ந்து நம்பர் எழுதத் தெரிகிறது, பின்பக்கம் ஒரு வலையைப் பார்க்கத் துப்பில்லையா என்று ஆரம்பித்து, மனுஷனைப் பிழிந்து காயப்போட்டாள். பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் வலைக்குத் தான்தான் காவல்காரன் என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார். உட்கார்ந்து ஊசி கோத்து அந்தக் கிழிசலைத் தைத்தும் வைத்தார்.

நடை கொஞ்சம் தேறியபோது, பார்க்க வந்த சின்னவள் பேச்சுவாக்கில் ஒரு சேதி சொன்னாள். ஏதோ பெரிய கம்பெனியின் ஆண்டு விழாவாம், மதிய விருந்தாம், அலங்காரம் மொத்தமும் தன் பொறுப்பாம். மாமாவையும் கூட்டிக்கொண்டு அக்கா வந்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. வேலைதானேக்கா, நீ எதுக்கு அலையணும் என்றுதான் சொன்னாள். அழைப்பு என்று வந்ததே அந்தப் பேச்சோடு பேச்சாகத்தான். கண்டக்டரம்மாவுக்கு அது உறைக்கவில்லை. கடைசி சீட்டில் தூங்கிப்போன குழந்தை இன்றைக்கு ஒரு மண்டபத்தையே தூக்கி நிறுத்துகிறாள், நான் போகாமல் யார் போவது என்று கிளம்பிவிட்டாள்.

மண்டபத்தில் திரைகளை இழுத்து மூடி, எங்கு பார்த்தாலும் நீல விளக்கு. கடலுக்கடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மேஜை மேஜைக்கு நடுவில் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், உள்ளே கூழாங்கல், குட்டிக் குட்டியாக மீன். நீல வெளிச்சத்தில் அவை நீலமாகத்தான் தெரிந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, என்ன அழகு பாருங்க என்றாள். என் தங்கச்சி பண்ணினது என்று இவள் சொன்னாள். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. தன் மீன் போனாலும் போகட்டும், தன்னைப் பார்த்துத்தானே சின்னவளுக்கு மீன் மேல் ஆசை வந்திருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்து ஐஸ்கிரீம் வந்தது. புருஷன் எதிரே யாரோ ஒருவரிடம் எழுத்து அழகைப் பற்றி நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். ஐஸ்கிரீம் உருகுதே என்று சொல்ல, கையிலிருந்த ஸ்பூனால் மேஜையில் ஒரு தட்டு தட்டினாள். வீட்டில் ஜன்னல் கம்பியில் தட்டுகிற அதே தட்டு. வீட்டுக்காரர் திரும்பினார்.

கிண்ணத்தில் அடியில் ஒதுங்கிக் கிடந்த மீன்களும் திரும்பின. அத்தனையும் சேர்ந்து மேலே வந்து, அவள் பக்கத்து விளிம்பில் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் தன் கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தாள். கோலை எடுத்துக்கொண்டு எழுந்து அடுத்த மேஜைக்குப் போனாள். அங்கே கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு தட்டு. மேலே வந்தன. அதற்கடுத்த மேஜை. முதலில் வந்ததற்கு மேல்வால் பாதி இல்லை. அந்த மேஜையில் இருந்தவர்கள் கைதட்டி, வித்தை காட்டுற மீனா இது என்று கேட்டார்கள். கண்டக்டரம்மா குனிந்து பார்த்தாள். டிரைவரின் வயிறு உள்ளே ஒட்டிப்போயிருந்தது.

நிமிர்ந்தபோது, மேடைப் பக்கமிருந்து சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு கிட்டே வந்து, கையைப் பிடித்து, பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு அழைத்துப் போனாள்.

"கடை மீன் எல்லாம் வண்டியிலயே செத்துப் போகுதுக்கா. உன்னோடதுதான் கெட்டி. ஒரு ஃபங்ஷனுக்குன்னுதான் எடுத்தேன், திருப்பி விட்டுடலாம்னு. அடுத்தது வந்துச்சு, அதுக்கடுத்தது வந்துச்சு..."

"எங்க வச்சிருக்க?"

"குடோன்ல. டிரம்ல."

"மிச்சம்?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். கொஞ்சம் செத்துப் போச்சுக்கா, மிச்சமெல்லாம் இங்கதான் இருக்கு என்றாள்.

"தீனி போடறியாடி?"

"ஃபங்ஷனுக்கு முன்னாடி போட்டா கிண்ணத்துல தண்ணி கலங்கிடுது. நீதானே சொன்ன, பட்டினி போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு."

வாரத்தில் ஒரு நாள் என்று கண்டக்டரம்மா சொன்னதைத் தங்கை இஷ்டத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் இன்னொன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. வலைக்கும் வாளிக்கும் அகப்படாத மீன் அவை. செடிக்குள் புகுந்தால் அவளாலேயே பிடிக்க முடியாது.

"எப்படிடி பிடிச்ச?"

சின்னவள் அக்காவின் கையை விட்டுவிட்டாள்.

"முதல்ல ஒண்ணும் சிக்கலை. அப்புறம் தட்டினேன்க்கா. வந்துச்சுங்க."

அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. களவு கொடுத்தால்கூட மனசு ஆறும். பூட்டை உடைத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே உடைக்க என்ன இருக்கிறது? சாவியை எடுத்து, இந்தா என்று கையில் கொடுத்தவளே இவள்தானே. அக்கா கூப்பிடுகிறாள் என்று நம்பி, முட்டி மோதிக்கொண்டு வந்து அள்ளுகிற கூடைக்குள் விழுந்திருக்கின்றன. அதிலும் டிரைவர் முதலாவதாக வந்திருக்கும்.

"அன்னைக்கு அழுதியே, அது எதுக்குடி?"

"அது நிஜமாத்தான்க்கா அழுதேன்."

அதுதான் இவளால் தாங்க முடியாமல் போனது. பொய்யாக அழுதிருந்தால்கூட நாலு அறை வைத்துவிட்டு விட்டிருப்பாள். நிஜமாக அழுதுகொண்டே காதில் பூச்சுற்றியிருக்கிறாள். இவளும் அந்தக் கண்ணீரை முந்தானையால் துடைத்திருக்கிறாள். எப்போதும் வருகிற கோபம் வரும் என்று காத்திருந்து பார்த்தாள். வரவே இல்லை.

சமையல்காரரிடம் மூடி போட்ட வாளி ஒன்று கேட்டு வாங்கினாள். விருந்தாளிகள் போட்டோ எடுக்க மேடைக்குப் போன நேரம், கோலை ஊன்றி மேஜை மேஜையாக நடந்து, ஒவ்வொரு கிண்ணத்தையும் வாளியில் கவிழ்த்தாள். தண்ணீர் விரிப்பெல்லாம் சிந்தியது. சின்னவள் பின்னாலேயே வந்து, அக்கா, இன்னும் ஃபங்ஷன் முடியல, பேர் கெட்டுப் போயிடும்க்கா என்று அடிக்குரலில் கெஞ்சினாள். அக்கா திரும்பவில்லை. புருஷன் வந்து வாளியை வாங்கிக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்தவர், வாசலுக்குப் போய் ஆட்டோவைக் கூப்பிட்டார்.

ஆட்டோவில் வாளியை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொக்கு இல்லைங்க" என்றாள் கொஞ்ச தூரம் போன பிறகு. "உங்களைத்தான் அநியாயமா திட்டிட்டேன்."

"விடு, அது பழகிடுச்சு" என்றார் அவர். அப்புறம் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். தான் அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் வாளியைக் குளத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு ஒன்றாகிறவரை பொறுத்து, குளத்துத் தண்ணீரை டம்ளர் டம்ளராக அதில் கலந்து, பிறகுதான் சாய்த்தாள். போனதில் பாதிகூடத் திரும்பவில்லை. சிலது அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. மறுநாள் ஒன்றிரண்டு மேலே மிதந்தன. எடுத்துத் தோட்டத்துச் செடியடியில் புதைத்தாள். டிரைவர் பிழைத்துக்கொண்டது.

தீனி போட்டாள். ஆனால் தட்டவில்லை. சத்தமில்லாமல் தூவிவிட்டு நகர்ந்துவிடுவாள். தட்டினால் வராமல் இருக்க இதுகள் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். வீட்டிலும் ஜன்னல் கம்பி சும்மா இருந்தது. அவர் தானாக வந்து, தானாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். வீடே ஊமையாகிவிட்டது.

ஒரு வாரமோ என்னவோ போயிருக்கும். வெயில் ஏறிய நேரம், முக்காலியில் உட்கார்ந்து ஸ்பூனில் தீனியை எடுத்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கேட்டில் சாவியால் ஒரு தட்டு.

அவள் உடம்பு தன்னால் எழப் பார்த்தது. ஒரு கை கோலைப் பிடித்தும் விட்டது. அந்தத் தட்டுக்கு எத்தனை வருஷம் ஓடியிருக்கிறாள்! அப்போதுதான் தண்ணீர் சலசலத்தது. குனிந்து பார்த்தாள். கேட்டில் விழுந்த அந்த ஒரு தட்டுக்கு, டிரைவர் முன்னால் வர, மிச்சமிருந்த அத்தனையும் கல்லோரத்தில் வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன.

கேட்டில் மறுபடி ஒரு தட்டு விழுந்தது. "அக்கா" என்று ஒரு குரல். கூப்பிட்டுப் பழகாத குரல்.

கண்டக்டரம்மா கோலைக் கீழே வைத்தாள். ஸ்பூனில் இருந்ததை மீன்களுக்குக் கொட்டினாள். அவை தின்று முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை ஓங்கி, வாசல்வரை கேட்கும்படியாக, ஸ்பூனால் கல்லில் இரண்டு தட்டு தட்டினாள்.

மீன்கள் கலைந்து செடிக்குள் போய்விட்டன. கடைசி சீட்டில் உட்கார்ந்து வளர்ந்தவளுக்கு இரண்டு தட்டுக்கு அர்த்தம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்கூட்டர் கிளம்பியது. தெருமுனை திரும்புகிறவரை அந்தச் சத்தம் கேட்டது.

கொட்டகையிலிருந்து வீட்டுக்காரர், யாரு வந்தது என்று கேட்டார்.

"யாரும் இல்லைங்க" என்றாள். "வண்டி போயிடுச்சு."